பதில் தபால்

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
சரக்கு மின்தூக்கியில் ஏறி வந்தது பெட்டி,
மூலை நசுங்கி, ஒட்டுநாடா கருத்து.
முந்தின வருஷம் நான் ஒட்டிய முகவரிச் சீட்டில்
யாரோ பேனாவால்
அம்புக்குறியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

'பழுது' என்று பதிவேட்டில் எழுதினேன்.
அனுப்பியதற்கு ஒரு பக்கம், திரும்பியதற்கு ஒரு பக்கம்.
இரண்டாம் பக்கம் எப்போதும் மெலிந்திருக்கும்.
அதைக் காட்டித்தான் ஆண்டறிக்கையில்
வெற்றி என்று போடுவார்கள்.
கருவியின் விலையைவிடக் கப்பல்கூலி அதிகம்,
யார்தான் திருப்பி அனுப்புவார்கள்
என்பதை யாரும் எழுதுவதில்லை.

உள்ளே எங்கள் வடிகட்டி.
மின்சாரம் வேண்டாம், கையால் அமுக்கினால் போதும்.
மணிக்கு நாற்பது லிட்டர், விலை முப்பத்தொரு வெள்ளி.
முப்பதுக்குக் கீழே இறக்க
ஹுவீ ஷான் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்:
திருகாணியில் இரண்டு காசு, மூடியில் ஐந்து காசு,
ஆறிப்போன கோப்பி-ஓ பக்கத்தில்,
இரவு பதினொன்றுக்கும் அணையாத விளக்கு.
இறங்க மறுத்தது அந்த வளையம் ஒன்றுதான்.
ஜெர்மனி சிலிக்கோன்.
நாலு வெள்ளி இருபது காசு.

பிரித்தாள்.
வளையம் இருந்த இடத்தில்
கறுப்பாய், ஓரம் பிசிறடித்து,
கத்தரிக்கோலால் வெட்டிய ஏதோ ஒன்று.
"மோட்டார்சைக்கிள் டியூப்"
என்றார் கிடங்கு ரோஸ்னானி,
கிட்டக்கூட வரவில்லை.

கைப்பிடியும் எங்களுடையது அல்ல.
நாங்கள் வைத்தது ஒரு சாண்.
இது மூங்கில், ஒரு முழத்துக்கு மேல்,
பிடிக்கும் இடத்தில் பழந்துணி சுற்றியிருந்தது.
எங்கள் வரைபடத்தில் அமுக்கிக்கொண்டிருப்பவர்
நல்ல உயரமான ஓர் ஆண்.
மூங்கில் சொல்லும்வரை
அது எங்கள் கண்ணில் படவில்லை.

அடியில் கட்டம்போட்ட பள்ளித்தாள்.
மலாய்தான், ஆனால் புளோரஸ் தீவு மலாய்.
இங்கே இப்படிச் சொல்லமாட்டோம் என்று
நின்று நின்று வாசித்தார் ரோஸ்னானி:

உங்கள் ரப்பர் ஏழாம் வாரம் கிழிந்தது.
எழுதிக் கேட்டோம், பதில் இல்லை.
பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.
நாங்களே செய்துகொண்டோம்.
பதினான்கு மாதமாக ஓடுகிறது.
மற்ற ஐந்தையும் இப்படியே மாற்றிவிட்டோம்.
நீங்கள் பார்ப்பதற்காக இதை அனுப்புகிறோம்,
பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.
யூஸ்தினா, தண்ணீர்க்குழுச் செயலாளர்.

எழுதிக் கேட்டோம்.
அந்தக் கடிதம் என்னிடம்தான் இருந்தது.
'விசாரணைகள்' என்று முதுகில் எழுதிய கோப்பில்
துளைபோட்டு, தேதிவாரியாக,
ஒரு மடிப்புக்கூட இல்லாமல்.

மூன்று நாள் சோதனை மேசையில் அமுக்கியது இயந்திரக் கை.
ஒன்பதாயிரத்தில் எங்கள் வளையம் கிழிந்தது.
இருபதாயிரத்திலும் டியூப் அசையவில்லை.
ஆனாலும் ஹுவீ ஷானுக்குத் தூக்கம் வரவில்லை,
டியூப் ரப்பர் குடிதண்ணீரில் இறங்குமே என்று.
அதே தடிப்பில், அதே சாய்வு வெட்டில்
உணவுக்கு ஏற்ற ரப்பரைத் தேடிப் பிடித்தாள்.
அறுபது காசு.
வரைபடத்தில் அந்த வெட்டுக்குப் பக்கத்தில்
யூஸ்தினா என்று எழுதினாள்.
கத்தரி பிடித்த கை யாருடையதோ,
எங்களுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்.

வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம்,
வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றார் மேலாளர்.
தாளைக் காட்டினேன்:
திருப்பி அனுப்பவும்.

வெளியே நாலு மணி மழை.
பொருளேற்றும் இடத்தில் லாரிகள் ஒதுங்கி நின்றன.
புது வளையம் பன்னிரண்டு, ஆறு கருவிக்கும் இரண்டிரண்டு,
சோதனை முடிவுகள் ரோஸ்னானியின் கையெழுத்தில்.
மூங்கிலைத் தொடவில்லை.
கடிதத்தின் முதல் வரி மன்னிப்பா நன்றியா என்று
மூன்று தாள் கிழித்த பிறகு
இரண்டும் இல்லாமல்
கடிதம் கிடைத்தது என்று தொடங்கினோம்.

கூலி முப்பத்தெட்டு வெள்ளி.
எந்தக் கணக்கில் எழுத, என்றார் மேலாளர்.
பதில் தபால் என்றேன்.