கையெழுத்துக்கு முன்

தேவகோட்டை ரஸ்தாவில்
டாக்டர் சிகப்பியின் பல் மருத்துவமனை
திங்கட்கிழமை திறக்கிறது.
இன்று சனி.
மீதிப் பணம் நாற்பத்தோராயிரம்
என் கையெழுத்துக்காக ஒரு கவரில் காத்திருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.
கண்ணுக்கு வேலை பிறகுதான்,
முதலில் குதிகால்.
தேக்கு நிற வினைல் பலகை,
வரவேற்பறை தொடங்கி எக்ஸ்ரே அறைவரை
எங்காவது அமுங்குகிறதா,
அப்பளம் நொறுங்குகிற சத்தம் வருகிறதா என்று
கேட்டுக்கொண்டே போனது குதிகால்.
வரவில்லை.

‘ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கலாமே’ என்று
வாசலில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.
மூவரில் ஒருவரும் அதைத் துடைக்கப்போவதில்லை.

பிறகு படுத்தேன்.
ஆமாம், குப்புற. சுடிதார் போனால் போகட்டும்.
கன்னத்தைத் தரையில் வைத்து
கைபேசி விளக்கைக் கிடையாக அடித்தால்
நின்றுகொண்டு பார்த்தபோது விழுங்கியதையெல்லாம்
நிழல் நிழலாகக் கக்கிவிடும் தளம்.
இது கக்க ஒன்றுமில்லாமல் கிடந்தது.

இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டத்தின் அடியில்
ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது,
இன்னொன்றுக்கு இடமில்லை.
இணைப்புகளில் நகம் தடுக்கவில்லை.
கதவு நிலையின் அடியை அறுத்து
பலகையை உள்ளே செருகியிருந்தார்கள்,
சிலிக்கான் பூசி ஒப்பேற்றவில்லை.
ஓரப் பட்டை ஒன்றை மட்டும் கழற்றச் சொன்னேன்:
சுவருக்கும் பலகைக்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையும் இடைவெளி,
வெயிலுக்கு விரிந்துகொள்ள.
போன வருடம் காரைக்குடி நகைக்கடை ஒன்றில்
சுவரோடு சுவராக இறுக்கிப் போட்ட தளம்
அக்கினி நட்சத்திரத்தில் நடுக்கடையில் எழுந்து நின்றது,
வாடிக்கையாளரை வரவேற்கிற மாதிரி.

சந்தியாகு பேசாமல் நின்றார்.
சிவகங்கைக்காரர், முழங்காலில் இன்னும் ரப்பர் கவசம்.
மற்றவர்கள் பேசுவார்கள்:
‘போகப் போகச் சரியாயிடும் மேடம்.’
பதினோரு வருடத்தில்
போகப் போகச் சரியான தளத்தை நான் பார்த்ததில்லை.

பேனா மூடியைத் திறந்தேன்.

‘கருவி கழுவுற ரூம் வாசல்ல ஒண்ணு இருக்குங்க.’
‘பார்த்தேனே.’
‘கதவச் சாத்திட்டுப் பாக்கலை.’

சாத்தினோம்.
அடுத்தடுத்து மூன்று பலகை,
மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே மரக்கண்.
அச்சடித்த மரம்தான், யாருக்குத் தெரியாது?
பொய்யென்று தெரிந்தேதான் வாங்குகிறோம்.
அதையே ஒரே மூச்சில் மூன்று தடவை சொன்னால்
எந்தக் குழந்தையும் பிடித்துவிடும்.
பல் பிடுங்கக் காத்திருக்கிற குழந்தைக்கு
வேறென்ன வேலை.

‘பெட்டிகளைக் கலந்து எடுக்கச் சொல்லியிருந்தேன்.
ராத்திரி அசந்துட்டேன்’ என்றார்.

சுவரோரத்திலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றினார்.
அடியிலிருந்த விரிப்பை விலக்கியபோது
சிமெண்ட் மேல் பென்சில் எழுத்து:

மார்ச் 2. ஈரம் 6.2. வேண்டாம்.
மார்ச் 11. 4.8. இன்னும் ஆகலை.
மார்ச் 19. 3.4. போடலாம்.

அந்தப் பதினேழு நாளும் போனில் கத்தியது நான்தான்.
‘தாமதம், பிடித்தம் மூவாயிரம்’ என்று
நேற்றே எழுதிவைத்திருந்த கையும் இதுதான்.
‘சொல்லியிருக்கலாமே’ என்றேன்.
‘சொன்னேங்க. லைன் கட்டாயிடுச்சு.’

கட்டாகவில்லை. கட் பண்ணினேன்.

என் படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள்,
விரிப்புக்கு அடியில் என்ன என்று
ஒன்றுகூடக் கேட்பதில்லை.
மூவாயிரத்தை அடித்தேன்.
மரக்கண்ணுக்கு இருநூறு பிடித்தேன்.
அவர் தலையாட்டினார், அது சரி என்பதுபோல்.

விரிப்பு மூடியது, பலகை பூட்டியது,
பென்சில் எழுத்து உள்ளே போனது.
மீந்த பலகையில் இரண்டை
மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்னேன்.
‘வேற வேற கண்ணு உள்ளதா எடுத்து வைக்கிறேன்’ என்றார்.