வட்டத்துக்கு விதி இல்லை

பகாவ் ஸ்டேஷனில்
கம்பிக்கு இந்தப் பக்கம் பதினொரு வருஷம்.
போக ஒரு விலை, போக வர ஒரு விலை.
நடுவில் கோடு போட்ட அட்டை:
ஒரு பாதி போகும், மறு பாதி திரும்பும்.
இதற்கு மேல் தத்துவம் எதையும்
ரயில்வே எனக்குச் சொல்லித் தரவில்லை.

நவம்பர் அஞ்சு. காத்தாயி வந்தாள்.
விரல் இடுக்கில் காய்ந்த ரப்பர்ப்பால்.
"கிராணி, சிரம்பானுக்கு ஒண்ணு. போக வர."

கிம்மாஸில் இறங்கி
அட்டை முதுகில் ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து வாங்கி
நாலு பேரிடம் சீட்டுப் பணம்.
அடுத்த ரயிலில் சிரம்பான், ஏழு பேர்.
மறுநாள் பஸ் பிடித்துக் கோலாப்பிலா;
அங்கே இரண்டு பேர்,
அதில் ஒருத்திக்கு எப்போதும் "அடுத்த வாரம்".
அதே பஸ் ரோட்டில் வீடு.

மறு பாதி மைலோ டின்னுக்குள் போனது.

டிசம்பரில் அவள் என்னிடம் சீட்டு வாங்கவே இல்லை.
ஆனால் அஞ்சாம் தேதி ரயிலில் வந்து இறங்கினாள்.
"போனது?"
"பஸ்ல."
"வந்தது?"
"போன மாசத்துச் சீட்டுல."

விதிப் புத்தகத்தைத் தூசி தட்டினேன்.
திரும்பும் பாதி பிறர் கையில் செல்லாது.
சரி, அவள் கைதான்.
போன பாதை வழியே திரும்ப வேண்டும்.
"அந்தப் பாதைதானே?"
அந்தப் பாதைதான்.
இடையில் வீட்டுக்கு வந்து
ஒரு மாதம் சோறு பொங்கியது பற்றி
புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ஜனவரியில் ரயில் பக்கமாகச் சுற்றினாள்.
பிப்ரவரியில் பஸ் பக்கமாக.
அட்டையை நீட்டினாள்.
எண்ணினேன். மறுபடி விரல் விட்டு எண்ணினேன்.
முப்பது நாள்தான் செல்லும்.
ஜனவரி எனக்குச் சொல்லாமல்
ஒரு நாளைக் கூடுதலாக வைத்திருந்தது.

"முப்பத்தொண்ணு, காத்தாயி. செல்லாது.
முழுக் கட்டணம், நாலு வெள்ளி எண்பது."

அவள் வாதாடவில்லை. அதுதான் சங்கடம்.
"ஒரு நாள் தப்பினா
என் சீட்டுல அம்பது காசு.
உன் சீட்டுல நாலு எண்பதா?"
கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாக
ஈரம் தொட்டு எண்ணி வைத்தாள்.
ரசீது எழுதினேன்.
மேசையில் என் கை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்ந்தது.

அவள் போகவில்லை.
பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள்,
காதோரப் பென்சிலை எடுத்தாள்.
"பதினாலாம் நம்பர். யோகராசா கிராணி.
நேத்தே தவணை.
ஒரு நாள், அம்பது காசு."

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து
உள்ளங்கை நீண்டது.

கால்சட்டைப் பையில் துழாவினேன்.
சில்லறை இல்லை.
"பரவால்ல," என்றாள், பென்சில் நுனியை நக்கி,
"மார்ச்சுல திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்.

எந்தப் பக்கமா வந்தாலும்."