ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

ரொசாரியோவில் ஜூலை, பல் கிட்டும் குளிர்.
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.
கதவைத் திறந்தவள் பெயர் நெலிதா.
“சுடுதண்ணீர் வருகிறது, ஹீட்டர் எரிகிறது,
ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்” என்றாள்
நான் கருவிப் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே.

இருபத்திரண்டு வருடமாய் கேஸ் குழாய் பார்க்கிறவள் நான்.
முதலில் பார்ப்பது மீட்டரை அல்ல, சுவரை.
ஹீட்டருக்கு மேலே மட்டும் வெள்ளை புதுசாய் இருந்தது.
நகத்தால் கீறினேன்.
அடியில் கரி.
அதற்கடியில் இன்னொரு வெள்ளை,
அதற்கும் அடியில் கரி.
குடியிருந்த ஒவ்வொருவரும்
காலி செய்யும்போது பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
முன்பணம் திரும்ப வேண்டுமே.

சுடர் நீலமாய் நிமிர்ந்து நிற்கவேண்டும்.
இது மஞ்சள்.
கண்ணாடிக்குப் பின்னால் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

காற்றுத் துளையைக் காணோம்.
அலமாரியை நகர்த்தினால்
போன மாதச் செய்தித்தாள், சுருட்டிச் செருகி,
மேலே குறுக்கும் நெடுக்குமாய் டேப்.
“குளிர் உள்ளே வருகிறது” என்றாள்.
“வரத்தான் வேண்டும்” என்றேன்.
சொன்ன பிறகுதான் அவள் காலைப் பார்த்தேன்:
ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று சாக்ஸ்.

மகன் லௌதாரோவுக்கு ஏழு வயது.
என் ஸ்பேனர்களை எண்ணிக்கொண்டே
அவனாகச் சொன்னான்:
“ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல தூக்கம்.
எல்லாரும் இருப்போம், ஜன்னலெல்லாம் சாத்தி.
மத்தியானம் வரை யாராலும் எழுந்திருக்கவே முடியாது.
எழுந்தால் அம்மாவுக்குத் தலைவலி.
எனக்கும்.
பூனை மட்டும் கதவிடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும்.”

நெலிதா சிரிக்கத் தொடங்கினாள்.
பாதியில் பூனையைத் திரும்பிப் பார்த்தாள்.

வால்வை மூடினேன். சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.
வீட்டுக்காரர் ஓவிதியோ தொலைபேசியில் கத்தினார்:
“இதுவரை இருந்த யாருமே ஒன்றும் சொன்னதில்லையே!”
சொன்னதில்லைதான்.

“எத்தனை நாள்?” என்றாள் நெலிதா.
“பத்து. அவர் ஆள் அனுப்பினால்.”
“அதுவரை?”
சட்டப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் கிடையாது.
வண்டியில் ஒரு மின்சார ஹீட்டர் வைத்திருந்தேன்,
என் காலுக்கு, சின்னது.
எடுத்துவந்து கொடுத்தேன்.
நீட்டிப்பு வயரில் மாட்டாதே,
நேராகச் சுவரில் மாட்டு என்றேன்.

அவள் சுவரைக் காட்டினாள்.
பிளக் துளையைச் சுற்றிலும்
ஒரு கை அகலத்துக்கு
புது வெள்ளை.