இன்னும் ஒரு கரண்டி

இறால் கம்பெனித் தராசுக்குச் சாக்கு போர்த்தியாயிற்று.
தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையோரம்
ஒன்றையொன்று இடித்தபடி சும்மா நிற்கின்றன.
எடை எழுதும் நோட்டை மேசைக்குள் பூட்டிவிட்டு
தங்கச்சிமடத்துக்கு நடந்தே வந்தேன்.
வீட்டில் இன்னொரு தராசு.

பதினாறு மாதம்.
தொண்ணூற்று மூன்றிலிருந்து எழுபத்தொன்று.
காலையில் இட்லி இரண்டு, மதியம் சோறு நூற்றிருபது கிராம்.
ஊரார் வலையில் வந்ததை டன் கணக்கில் நிறுத்த கை
தன் தட்டுக்கு வந்த முரல் வாலை
திருப்பித் திருப்பி நிறுத்தது.

கடைசி மூன்று மாதம் முள் அசையவில்லை.
பங்குனி வெயிலில் விரல் நுனி குளிர்ந்தது.
சீப்பெல்லாம் முடி.
கனவில் புரோட்டா,
ராமேஸ்வரம் ரயில் நீளத்துக்கு.
கிளாட்வின் தும்மினாலும் சண்டை போட்டேன்.

ராமநாதபுரத்தில் ஹபீபா மேடம்
அட்டையைப் பார்த்தார், என் கையைத் தொட்டுப் பார்த்தார்.
'நிறுத்துங்க' என்றார்.
எதை நிறுக்கச் சொல்கிறார் என்று பைக்குள் தராசைத் தேடினேன்.
'குறைக்கிறதை நிறுத்துங்க.
ரெண்டே வாரம். குறையவும் வேணாம், ஏறவும் வேணாம்.
உடம்பு கேக்குற அளவு சாப்பிடுங்க.'
சீட்டில் எழுதினார்: சோறு, இன்னும் ஒரு கரண்டி.
'முதல் வாரம் ஒரு கிலோ காட்டும்.
அது வெறும் உப்பும் தண்ணியும், பயப்படாதீங்க.'

உப்புக்கும் தண்ணிக்கும் பயப்படாதவர்கள்
எங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்?

'அப்ப உனக்கும் தடைக்காலம்' என்றார் கிளாட்வின்.
சிரிப்பு வரவில்லை.
தடைக்காலம் என்றால் இந்த வீட்டில்
உலையில் அரிசி குறையும் மாதம்.
நிவாரணப் பணம் வரும்வரை ஜோஸ்பின் கடையில் கடன்.
மீன் குவிந்து கிடந்த நாளெல்லாம்
வேண்டுமென்றே பட்டினி கிடந்தவள் நான்.
எல்லாரும் வயிற்றைச் சுருக்கும்போது
எனக்கு மட்டும்
சீட்டெழுதித் தந்திருக்கிறார்கள், இன்னும் ஒரு கரண்டி.

முதல் நாள் அதைப் போட்டுவிட்டு எடுத்தேன்.
மறுநாள் மகள் தட்டுக்குத் தள்ளினேன்.
'உன் வீட்டுப்பாடத்தை நான் எழுத மாட்டேன்மா'
என்று திருப்பித் தள்ளினாள் ரெனிட்டா.
மூன்றாம் நாள்
நாட்டுப்படகில் வந்த நகரை மீன்,
குண்டு மிளகாய் அரைத்த குழம்பு.
அந்தக் கரண்டி உள்ளே போனது.

ஒன்றும் நடக்கவில்லை.
பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய ஜாக்கெட்டுகள்
எழுந்து வந்து என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள் ஒரு கிலோ இருநூறு ஏறியிருந்தது.
தெரிந்துதான் இருந்தது. ஆனாலும்
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டு
கரைக்கு டீ கொண்டுபோனேன்.
கட்டை மேல் ஏற்றிய படகின் அடியில்
கிளாட்வின் மல்லாந்து கிடந்து
கொட்டலசு சுரண்டிக்கொண்டிருந்தார்.
முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள்.
'கரையேத்தாம ஓட்டிக்கிட்டே இருந்தா
டீசலைத்தான் குடிக்கும். தூரம் போகாது.'
படகைப் பற்றித்தான் சொன்னார் என்று
இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.
வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன்.

பத்தாம் நாள்
ரெனிட்டாவுக்குத் தலை பின்னும்போது
'உன் கை சுடுதும்மா' என்றாள்.
பன்னிரண்டாம் நாள் சோற்றை நிறுக்க மறந்துபோனேன்.
மறந்ததே
தட்டைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

நாளை மறுநாள் மறுபடி தொடங்க வேண்டும்.
இன்னும் ஆறு கிலோ பாக்கி.
அதுவரை வீட்டுத் தராசுக்கும் ஒரு சாக்கு போர்த்தியிருக்கிறேன்,
காலியான அரிசிச் சாக்கு.
அங்கே ஜோஸ்பின் நோட்டில்
என் பெயருக்கு நேராக
ஐந்து கிலோ ஏறியிருக்கிறது.