பஹாவ், மூன்றாம் நாள்

விமானம் இறங்கியதுமே நான் கடிகாரத்தை
இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டேன்.
தம்பி மாற்றவில்லை.
தேநீர், சலவை, பேருந்துச் சீட்டு,
எதுவானாலும் இருபதால் பெருக்கி
"கொள்ளைக்கா" என்றான்.

வழியெல்லாம் செம்பனை,
ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப
நட்டு வைத்த மாதிரி.

விடுதியில் ஒரே அறை.
ஆறேழு வயதுக்குப் பிறகு இப்போதுதான்
அவன் தூக்கத்தில் பல் கடிப்பதைக் கேட்கிறேன்.
பாகப்பிரிவினைப் பத்திரம்
என் பெட்டியில், புடவைகளுக்கு அடியில்.
இன்னும் யாரும் எடுக்கவில்லை.

இன்று முக்குக் கடையில் வேதமுத்து
"பசியாறியாச்சா?" என்றார்.
எங்களூரில் "சாப்டாச்சா"தான்.
தம்பி என்னைப் பார்த்தான்.
"இன்னும் இல்லீங்க."

ரொட்டி சானாய் இரண்டு.
விலை கேட்டான், பெருக்கவில்லை.
பருப்புக் கிண்ணத்தை
என் பக்கம் நகர்த்தினான்.

வெளியே வெயில் ஏறிவிட்டது.
அவன் மணிக்கட்டில்
இன்னும் விடியவில்லை.