நாலு சென்டிமீட்டர்

பதினைந்து நாள் பயிற்சி,
நாகர்கோவில் மாநகராட்சி, பொறியியல் பிரிவு.
முதல் வாரம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்தேன்.

எட்டாம் நாள், கோட்டாறு சந்தைக்குப் பின்னால்
புது ஓடை. மூடி போடும் முன் மட்டம் பார்க்கணும்.
அளவுகோலைத் தூக்கிப் பிடித்து வெயிலில் நின்றேன்.
கருவாட்டுக் கூடைகள் என்னைச் சுற்றிப் போயின.
பழைய கருவி; அதற்குள் நான்
தலைகீழாய்த் தெரிகிறேன் என்றான் ஆஸ்லின்,
சிரிக்காமல்.

எண்பதாவது மீட்டரில் கணக்கு இடறியது.
இறங்க வேண்டிய தளம்
நாலு சென்டிமீட்டர் ஏறியிருந்தது.
மறுபடி வைத்தோம்.
மறுபடியும் நாலு.

உதவிப் பொறியாளர் சேவியர் ராஜன்
அளவுப் புத்தகத்தை பைக் சீட்டில் வைத்து
பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
"பில்லு பாஸாயாச்சு மக்ளே."

மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"வெள்ளம் குடிக்கியா?"
எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம்தான்,
ஐப்பசியில் கட்டிலுக்கடியில் வருவதும் வெள்ளம்தான்.
குடித்தேன்.
செம்பில் மிஞ்சியதை ஓடைக்குள் ஊற்றினேன்.

பழையாற்றுப் பக்கம் போக வேண்டியது
கொஞ்சம் தயங்கி நின்று
சிமெண்ட் தூசியை நனைத்துக்கொண்டு
அவள் கடைப் பக்கமாய்த் திரும்பியது.
அவள் பார்த்தாள்.
நான் அவளைப் பார்க்கவில்லை.

பயிற்சி நாட்குறிப்பில்
'இன்று கற்றது' என்று ஒரு கட்டம் உண்டு.
எட்டாம் நாளுக்கு இன்னும் எழுதவில்லை.
அதற்குக் கீழே, பச்சை மையில்,
சாரின் கையெழுத்து இருக்கிறது.
பதினைந்து பக்கத்துக்கும்
முதல் நாளே போட்டுத் தந்துவிட்டார்.