குறிப்புக்கு ஐம்பது எழுத்து

ஈரோட்டிலிருந்து கூரியரில் வந்தன
மூன்று சுருள் பார்கோடு ஒட்டி,
துப்பாக்கி மாதிரி ஒரு கருவி,
"பயிற்சி ஒரு நாள், மதிய உணவு உண்டு" என்றொரு கடிதம்.
மதிய உணவு நன்றாக இருந்தது.

சென்னிமலைக் கிளை நூலகத்தில்
பதினோராயிரத்து நானூற்றிச் சொச்சம் புத்தகம்.
ஒவ்வொரு பின்னட்டையிலும் ஒரு வரிக்குதிரைத் துண்டு.
முதல் வாரம் கோணலாக ஒட்டினேன்.
இரண்டாம் வாரம் கோபமாக ஒட்டினேன்.
பங்குனி வெயிலில் பசை இளகி
சில எண்கள் என் முழங்கையோடு வீடு வந்தன.
"உங்களை எந்த அலமாரியில வைக்கறது?" என்றாள் மனைவி.

கருவியிடம் பயமில்லை எனக்கு.
பதிவேட்டின் கடைசிக் கட்டம், 'குறிப்பு',
அதில் பத்தொன்பது வருசமாக எழுதி வந்தேன்:
பக்கம் 41 கிழிசல்.
அட்டையில் எண்ணெய், படித்தவர் பலகாரக் கடைக்காரர்.
கடைசி ஆறு பக்கம் இல்லை. யாரும் புகார் சொல்லவில்லை.

மென்பொருளில் குறிப்புக்கு ஐம்பது எழுத்து.
புள்ளி, கொம்பு, கால்
எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தலை எண்ணும்.
ஐம்பத்தொன்றாவதைத் தட்டினால்
திரை சும்மா இருக்கும். திட்டக்கூடத் திட்டாது.

போர்வைச் சொசைட்டிக்கு டிசைன் போடும் கோகிலவாணி
புத்தகம் திருப்ப வந்தவள் ஒட்டியைப் பார்த்து நின்றாள்.
"ஏனுங், இது நம்ம ஜக்கார்டு அட்டையாட்டவே இருக்குதுங்.
ஓட்டை இருந்தா நூல் மேல ஏறும், இல்லீன்னா ஏறாது,
அவ்வளவுதானுங்.
குத்திக் குத்திக் கட்டைவிரல் காச்சுப் போச்சு.
இப்பப் பென்டிரைவுல போட்டு ஓட்டறேன்.
பூ அதே பூதானுங்."

கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவே
அப்போதுதான் கொஞ்சம் பாவு தெரிந்தது எனக்கு.

அவளுக்கு வேண்டியது நீலம்.
677, நெசவு, ஜன்னலோரம் என்று கைகாட்டத்தான் போனேன்.
அதற்குள் அவளே தேடல் கட்டத்தில் தட்டிவிட்டாள்.
'ம்' போடும் முன்பே வந்து நின்றன
நீலச் சாயம் காய்ச்சும் அவுரி,
சிறுவர் பகுதியின் நீலத் திமிங்கிலம்,
நீலகிரிக்கு நடந்துபோகும் பாதைகள்,
நீலா கொலையான இரவு,
வானம் ஏன் நீலம்.

எண் போட்டு, அலமாரி போட்டு
நான் பிரித்து வைத்தவர்கள்
பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள்.
திமிங்கிலமும் அவுரியும்
ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் முகம் பார்த்ததில்லை,
என்னால்.
வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அவள் திமிங்கிலத்தை எடுத்தாள்.
"பார்டருக்கு இந்த வால் நல்லாருக்குமுங்."

சிவப்பு ஒளியைக் காட்டினேன்.
மூன்றாம் முயற்சியில் 'பீப்'.
வாசிப்பு மேசையில் தினமும் தூங்கும்
ரிட்டயர்டு கண்டக்டர் ரத்தினமூர்த்தி
விசில் என்று நினைத்தாரோ என்னவோ,
"போலாம் ரைட்" என்றார், கண் திறக்காமல்.

பிறகு கரண்டு போனது.
தறிகள் நின்றுபோய்
ஊரே திடீரென்று நூலகம் மாதிரி இருந்தது.
கை பழைய நோட்டை எடுக்கப் போனது.
கையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.
பதினெட்டு நிமிடம்.
சத்தம் முதலில் வந்தது, திரை அப்புறம்.

திமிங்கிலத்தின் குறிப்பில் தட்டினேன்:
நீலம் தேடியவர் கொண்டுபோனார். வால் போர்வைக்கு.
இன்னும் ஐந்து மிச்சம் என்றது கட்டம்.
ஓர் இடைவெளி விட்டு,
ரைட்
என்றும் சேர்த்துக்கொண்டேன்.